ஹாலம் துரையின் நான்கு பெட்டிகள்

அனந்தகிருஷ்ணன் பயப்படாத விஷயம் என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். லிஃப்டுக்குப் பயம், போலீஸ்காரருக்குப் பயம், போலீஸ்காரர் இல்லாத சிக்னலுக்கும் பயம். திருச்சியில் பி.காம். படித்தபோது பரீட்சை எழுதி முடித்த பிறகும் பரீட்சைக்குப் பயந்துகொண்டிருந்தவர். இப்பேர்ப்பட்ட மனுஷர் துபாய்க்கு எப்படி விமானம் ஏறினார் என்று கேட்டால், ஊரில் வேலை கிடைக்காமலே போய்விடுமோ என்ற பயம் விமானப் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அதனால் ஏறினார் என்பாள் அவர் மனைவி ஜலஜா.

1977-ஆம் வருஷம். சாலை போடும் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் தேரா ஆபீசில் அவர் அக்கவுண்டன்ட். குடியிருந்தது சத்வாவில், ஒரு தையல் கடைக்கு மேலே. நாலைந்து வருஷம் தனியாகச் சமைத்துத் தின்றவருக்கு அந்தக் கோடையில்தான் குடும்பம் வந்து சேர்ந்திருந்தது. ஜலஜாவும் ஆறு வயது நீலாவும் விசிட் விசாவில் வந்து, அதையும் நீட்டித்து, நீட்டித்ததும் அக்டோபரோடு முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. இனி அவர்கள் தங்கவேண்டுமானால் கம்பெனி லெட்டர் வேண்டும். அந்த லெட்டரில் மேனேஜர் ஹாலம் கையெழுத்துப் போடவேண்டும்.

அந்த ஊரில் நம்மவர்கள் பேய் பிசாசுக்கெல்லாம் பயந்ததில்லை. 'கேன்சல்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் பயந்தார்கள். விசா கேன்சல் என்றால் வேலை, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போய்விடும். ஹாலம் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறவர். போன வருஷம் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் மீட்டிங்கில் எதிர்த்துப் பேசினான். அடுத்த வாரம் அவன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். ஹாலம் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிவிடுவார்கள். யாராவது பாதி வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தால், மீதியை அவர் பேனாவால் மேசையைத் தட்டி முடித்துவைப்பார்.

ஆகஸ்டில் ஒரு மீட்டிங். அனந்தகிருஷ்ணனுக்குக் கை நடுங்கியது. நடுக்கம் தெரியக்கூடாதென்று விரல்களை மேசையில் ஊன்றினார். ஊன்றிய விரல்கள் தாமாகவே தட்ட ஆரம்பித்தன. ஹாலம் பேச்சை நிறுத்தினார்.

"யார் அது?"

அனந்தகிருஷ்ணன் எழுந்து நின்றார்.

"நீ டிரம்ஸ் வாசிப்பாயா?"

"யெஸ் சார்," என்றார் அனந்தகிருஷ்ணன். சிறுவயதில் கொஞ்ச நாள் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போய், வாத்தியார் கையிலிருந்த பிரம்புக்குப் பயந்து நின்றுவிட்டவர். ஆனால் ஹாலம் கேட்கிற எந்தக் கேள்விக்கும் 'நோ சார்' என்ற பதில் அவருக்கு வாயில் வராது. வந்தது வினை.

இரண்டு நாளில் ஹாலமின் டிரைவர் சத்வாவுக்கு வந்து, ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கரையும் கனத்த அட்டைப் பெட்டிகள் நான்கையும் இறக்கிவிட்டுப் போனான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அடுக்கடுக்காக எல்.பி. இசைத்தட்டுகள். எல்லாப் பெட்டியின் மேலும் ஒரே ஆளின் படம். வெர்னன் டில் என்ற கறுப்பின ஜாஸ் டிரம்மர். முதல் பெட்டியில் வாலிபன், நான்காவதில் கிழவர்.

விஷயம் இதுதான். கோடையில் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் லீவில் ஊர் போய்விடுவார்கள். பூட்டிய வில்லாவில் ஏசி ஓடாது. ஏசி ஓடாத வீட்டில் இசைத்தட்டு அப்பளம்போல் வளைந்துவிடும். லீவு எடுக்காத, ஏசியை அணைக்காத, வாசிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் ஹாலமுக்குத் தேவைப்பட்டான்.

"இவன் மற்றவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தது எதுவும் இதில் கிடையாது," என்று ஹாலம் ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார். "இவனே தலைவனாக இருந்து, இவனே ஆட்களைப் பொறுக்கி, இவன் பெயரில் வந்தவை மட்டும். வரிசையாகக் கேள். நான் திரும்பி வந்ததும் என்ன தோன்றியது என்று சொல். உன் குடும்ப லெட்டரை அப்போது பார்க்கலாம்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் சேர்த்துச் சொன்னாரோ இல்லையோ, அனந்தகிருஷ்ணனுக்கு இரண்டும் ஒன்றாகவே காதில் விழுந்தன. வீட்டுக்கு வந்து ஜலஜாவிடம், "பரீட்சை வச்சிருக்கான்டீ," என்றார்.

"என்ன பரீட்சை? பாட்டுக் கேக்கறதுதானே? கேட்டுட்டு நன்னாருக்குன்னு சொல்லிட்டாப் போச்சு."

"நன்னாருக்குன்னா ஏன் நன்னாருக்குன்னு கேப்பான்."

பெட்டிகள் படுக்கையறையில் ஏசிக்கு நேரே, ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் மேல் குடியேறின. இரவும் பகலும் ஏசி ஓடியது. அது ஒரு பழைய ஜன்னல் ஏசி. நடுநடுவே இருமி நின்றுவிடும். நின்றால் அனந்தகிருஷ்ணனுக்கும் மூச்சு நின்றுவிடும். பாய்ந்து போய், ஜுரம் அடிக்கிற குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "எனக்கு ஜுரம் வந்தப்போகூட இப்படித் தொட்டுப் பாத்ததில்லை," என்றாள் ஜலஜா. அதில் தப்பில்லை. ஜலஜாவுக்கு ஜுரம் வந்தபோதெல்லாம் அவர் கடல் தாண்டியல்லவா இருந்தார்.

சாயங்காலங்களில் பரீட்சைக்குப் படித்தார். பிளேயரின் முள்ளைத் தட்டில் இறக்குமுன் இரண்டு மூன்று தடவை குனிந்து பார்ப்பார். முதல் பெட்டி காதைக் கிழித்தது. "அப்பா, டூ நாய்சி," என்று நீலா காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அனந்தகிருஷ்ணனுக்கும் ஓட ஆசைதான். ராகம் புரியவில்லை, தாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. பயந்துபோனார். ஒன்றும் புரியாமல் ஹாலம் முன்னால் நிற்பதை நினைத்துத் தூக்கம் கெட்டது.

ஒரு நாள் திடீரென்று ஓர் இடம் புரிந்தது. சாக்ஸபோன்காரர் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார், அழகாகத்தான் ஆரம்பிக்கிறார். பாதியிலேயே டிரம்ஸ் தடதடவென்று மேலே விழுகிறது. அவர் வாயை மூடிக்கொள்கிறார். பிறகு டிரம்பெட்காரர் எழுந்திருக்கிறார். அவருக்கும் அதே கதி. அடுத்த தடவை டிரம்பெட்காரர் அவசர அவசரமாக, அடி விழுவதற்கு முன்னால் சொல்லிவிடவேண்டும் என்று ஓடுகிறார்.

அனந்தகிருஷ்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்கு நன்றாகத் தெரிந்த இடம். ஹாலமின் திங்கள்கிழமை மீட்டிங்.

அதற்குப் பிறகு ஜாஸ் புரியாத குறை அவருக்கு இருக்கவில்லை. சங்கீதமாகக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு மேனேஜரின் கீழே வேலை பார்க்கிற ஆட்களைக் கேட்க ஆரம்பித்தார். யாருக்குப் பயம், யார் ஒதுங்குகிறார், யார் முகஸ்துதியாக அவன் அடிக்கு ஏற்ப வாசிக்கிறார் என்று எல்லாம் தெரிந்தது. இந்த விஷயத்தில் அவருக்குக் காது ரொம்பக் கூர்மை. வேறு எதில் இல்லாவிட்டாலும் இதில் அனுபவம் போதுமான அளவு உண்டு.

இரண்டாவது பெட்டியில் தட்டுக்குத் தட்டு ஆட்கள் மாறினார்கள். உறைகளின் பின்னால் போட்டிருந்த பெயர்களைப் பார்த்தால், ஒரு தட்டில் இருந்தவன் அடுத்ததில் இல்லை. "அத்தனை பேரையும் கேன்சல் பண்ணிட்டான்," என்று ஜலஜாவிடம் சொன்னார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. மூன்றாவதில் ஒரு பாஸ் வாசிப்பவர் மட்டும் போகாமல் தங்கிவிட்டார். டில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் டிரம்மின் தோலைத் தடவிக்கொண்டிருந்தார், அந்த ஒருவரைப் பயமுறுத்தக்கூடாது என்பதுபோல.

நான்காவது பெட்டியின் கடைசித் தட்டில் ஓர் இடம். பியானோக்காரர் மெதுவாக ஏதோ கேட்டு நிறுத்துகிறார். டிரம்ஸ் பதில் சொல்லவேண்டிய இடம். சத்தமே இல்லை. முதல் தடவை கேட்டபோது அனந்தகிருஷ்ணன் முள் உடைந்துவிட்டதென்றே நினைத்தார். குனிந்து பார்த்தால் தட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தட்டுக்குள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்டது. பியானோக்காரர் இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றிச் சொன்னார். அது முடிந்த பிறகு சிம்பலில் ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான். அந்த ஒரு தட்டுக்கு அனந்தகிருஷ்ணனின் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தன்னை யாரும் பாதியில் நிறுத்தாமல் பேசவிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

ஆனால் இதையெல்லாம் ஹாலமிடம் சொல்லமுடியுமா? 'சார், முதல் பெட்டியில் நீங்கள் இருக்கிறீர்கள்' என்றா? கண்ணாடி முன் நின்று வேறு பதில் தயார் செய்தார். 'வெரி நைஸ் சார். வெரி பவர்ஃபுல் சார்.' இதைச் சொல்லிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடவேண்டியது.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. ஹாலம் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த அனந்தகிருஷ்ணன், படியேறும்போதே ஏதோ சரியில்லை என்று உணர்ந்தார். எப்போதும் வாசல்வரை கேட்கும் ஏசிச் சத்தம் கேட்கவில்லை.

படுக்கையறைக் கதவைத் திறந்தார். அனலும் சாம்பிராணிப் புகையும் முகத்தில் அடித்தன. டிரங்குப் பெட்டியின் மேல் ஜலஜா பூஜை வைத்திருந்தாள். நீலாவின் புத்தகங்கள், அவருடைய பேனா, மூன்று பாஸ்போர்ட்டுகள், கையெழுத்துக்குத் தயாராக டைப் அடித்து வைத்திருந்த கம்பெனி லெட்டர், எல்லாவற்றுக்கும் பின்னால் வரிசையாக நான்கு பெட்டிகள். வெர்னன் டில் வாலிபன் முதல் கிழவர்வரை நான்கு பெட்டியிலும் நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு ஜம்மென்று இருந்தார். பெட்டிகளை ஒட்டி, இரண்டு முகம் ஏற்றிய குத்துவிளக்கு.

"ஏசி... ஏசியை யாரு அணைச்சா?"

"நான்தான். காத்துல விளக்கு நிக்கமாட்டேங்கறது. நாளும் கிழமையுமா விளக்கு அணைஞ்சா நன்னாவா இருக்கும்?"

"எப்போ அணைச்சே?"

"காலம்பற பூஜைக்கு. ஏன்னா, ஏன் இப்படி வேர்க்கறது உங்களுக்கு?"

நான்காவது பெட்டிதான் விளக்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அதைப் புறங்கையால் தொட்டார். சுட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜலஜாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வித்தைக்கு மரியாதை என்று நினைத்து அவள் செய்தது. சங்கீதத் தட்டை வைக்காமல் சரஸ்வதி பூஜையா?

அந்த நேரம் பார்த்து வாசலில் கௌஸ் முகைதீன் வந்து நின்றார். ஆபீஸ் டைம்கீப்பர், கீழக்கரைக்காரர். ஓடிவந்திருந்தார்.

"அனந்து சார், ஹாலம் காலையில வந்து எறங்கிட்டாரு. பெட்டிய எடுக்க இங்கயே வர்றாராம். மூஞ்சியே சரியில்ல சார். நான் வந்தது தெரிஞ்சா என்னையும் கேன்சல் பண்ணி கலாஸ் ஆக்கிருவாரு, வர்றேன்." அதே வேகத்தில் இறங்கிப் போய்விட்டார்.

அனந்தகிருஷ்ணன் பெட்டியைத் தூக்கப் போனார். ஜலஜா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கப்படாது. நாளைக்குக் காலம்பற புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். கொழந்தை படிப்பு இருக்கு."

"கொழந்தையே இங்க இருக்கப் போறதில்லைடீ!" என்று கத்திவிட்டார். அந்த வீட்டில் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. நீலா ஹாலில் அழ ஆரம்பித்தாள்.

கதவு தட்டப்பட்டது.

ஹாலம் தனியாக வந்திருந்தார். இரண்டு மாதத்தில் இளைத்துப் போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினார். படுக்கையறைக்கு வந்து, புகையையும் விளக்கையும் பார்த்தார். குங்குமம் வைத்த டிரம்மரைப் பார்த்தார். அனந்தகிருஷ்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். அவருக்கு மூத்திரம் வந்துவிடும்போல் இருந்தது.

"நாளைக் காலை ஃபிளைட்," என்றார் ஹாலம். "திரும்பி வரமாட்டேன். என்னை கேன்சல் பண்ணிவிட்டார்கள்."

அதே சொல். அனந்தகிருஷ்ணனுக்கு உடனே புரியவில்லை.

"இன்று சாயங்காலம்வரைதான் என் கையெழுத்து செல்லும். உன் லெட்டர் எங்கே?"

லெட்டர் பூஜையில் இருந்தது. பேனா பூஜையில் இருந்தது. அனந்தகிருஷ்ணன் ஜலஜாவைப் பார்த்தார். அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் 'லெட்டர்' என்ற சொல்லும் அந்த வெள்ளைக்காரரின் முகமும் போதுமாக இருந்தன. கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். அவளுக்கும் பயம்தான், சரஸ்வதியிடம். பிறகு கிண்ணத்திலிருந்து சர்க்கரையை எடுத்து நைவேத்யம் காட்டி, பூஜையில் வைத்ததையெல்லாம் கொஞ்சம் வடக்கே நகர்த்தினாள். நாளைக் காலை செய்யவேண்டியதை இன்றே செய்து முடித்துவிட்டாள்.

"எடுத்துக்கோங்கோ. சரஸ்வதிகிட்ட நான் பேசிக்கறேன்."

ஹாலம் தரையில் உட்கார்ந்து, நீலாவின் பாடப்புத்தகத்தை அடியில் கொடுத்து, லெட்டரை அதன்மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். பேனா முனை காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"நீ சொல்லவில்லையே. கேட்டாயா, நான்கையும்?"

அனந்தகிருஷ்ணன் வெரி நைஸ் சார் என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் பேனாவைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் அவருக்குப் பழக்கமானது. மேசையில் விரலை ஊன்றி அவர் மறைத்த அதே ஆட்டம்.

"முதல் பெட்டியில் அவருக்குப் பயம், சார்," என்றார். "அதனால்தான் அவ்வளவு பலமாக அடிக்கிறார். மற்றவர்களும் பயந்துபோகிறார்கள்."

"நான்காவதில்?"

"அதிலும் பயம்தான், சார். ஆனால் யாரையும் அடிக்கவில்லை."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஹாலம் பதில் பேசவில்லை. பேனா காகிதத்தில் இறங்கவில்லை. அந்த மௌனத்தில் 'ஸாரி சார்' என்று விழுந்துவிட நாக்கு துடித்தது. வாழ்நாள் முழுக்க எல்லா மௌனத்தையும் அப்படித்தான் அவர் நிரப்பியிருக்கிறார். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஜலஜாவுக்கும் நீலாவுக்கும் சேர்த்து அந்தக் காகிதம் அங்கே கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேனா ஒரே ஒரு தடவை காகிதத்தில் கீறிய சத்தம் கேட்டது.

போகும்போது ஹாலம் நான்காவது பெட்டியைத் திறந்து கடைசித் தட்டை வெளியே எடுத்தார். ஓரம் அலைபோல் வளைந்திருந்தது. அனந்தகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஹாலம் திட்டவில்லை. அதைத் திரும்ப உறையில் போட்டு, அந்தப் பெட்டியை மட்டும் டிரங்குப் பெட்டியின் மேலேயே விட்டார். மற்ற மூன்றையும் நெற்றிக் குங்குமத்தைத் துடைக்காமல் எடுத்துக்கொண்டார். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "உனக்கு என்னிடம் பயமா?" என்று கேட்டார்.

"நோ சார்," என்றார் அனந்தகிருஷ்ணன், துரை மனம் கோணக்கூடாதென்ற பழக்கதோஷத்தில். ஹாலமிடம் அவர் சொன்ன முதல் 'நோ' அதுதான், அதுவும் பொய்.

பின்னாலிருந்து ஜலஜா, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "எவ்ரிடே ஃபியர் சார். ரைஸ் ஆல்ஸோ நோ ஈட்டிங்," என்றாள்.

ஹாலம் தலையாட்டினார். லேஸைக் கட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அன்று சாயங்காலமே டிரைவர் வந்து பிளேயரையும் ஸ்பீக்கர்களையும் எடுத்துப் போனான். விசா அடித்து வந்தது. ஜலஜாவும் நீலாவும் தங்கினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து சரஸ்வதி பூஜை விளக்கு அடுக்களையில்தான் எரிந்தது, ஏசி அணையவில்லை. நான்காவது பெட்டிக்குத் தவறாமல் சந்தனம் குங்குமம் உண்டு. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர்தான் கிடையாது.

ஹாலமின் இடத்துக்குப் புது மேனேஜர் வந்த அன்று மீட்டிங். அவர் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்கவிடவில்லை. கௌஸ் முகைதீன் கணக்குச் சொல்ல ஆரம்பித்ததும் உள்ளங்கையால் மேசையில் ஓங்கித் தட்டினார். அனந்தகிருஷ்ணனுக்குப் பயம்தான், வழக்கம்போல. விரல்களை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். ஆனால் கூடவே, பாவம், இந்த ஆளுக்கு என்ன பயமோ என்றும் தோன்றியது.